கண்ணாடி சுழலும் கேமரா

தேனி அல்லிநகரத்தில் பிறந்த பாரதிராஜா இயக்கி 1977இல் வெளிவந்த ‘16 வயதினிலே’, ஸ்டுடியோ அரங்குகளை விட்டு முற்றிலும் வெளிப்புறத்திலேயே எடுக்கப்பட்ட முதல் தமிழ்ப் படமாகப் பேசப்படுகிறது. இயக்குநரின் துணிவையும் ஒளிப்பதிவாளர் பி. எஸ். நிவாஸின் திறனையும் பாராட்டுவோர், வெளிப்புறப் படப்பிடிப்பை எளிதாக்கிய கருவியைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர்.

ஸ்டுடியோக்களில் கோலோச்சிய மிட்செல் கேமரா, தன் ஓசை வெளியே கேளாதபடி கனத்த உறைக்குள் அமைந்திருந்ததால், நடிகர் பேசும்போதே ஒலியையும் பதிவுசெய்ய உதவியது. ஆனால் அதன் எடையோ வரப்பிலும் ஒற்றையடிப் பாதையிலும் எடுத்துச் செல்லக்கூடியதன்று. படம் ஓடும்போது லென்ஸ் வழியே காட்சியைப் பார்க்கவும் வழியில்லாமையால், பக்கத்தில் பொருத்திய தனிக் காட்சிகாணியையே ஒளிப்பதிவாளர் நம்ப வேண்டியிருந்தது.

இக்குறையை மியூனிக்கின் ஆரி நிறுவனம் 1937இல் அறிமுகப்படுத்திய ஆரிஃப்ளெக்ஸ் 35 தீர்த்தது. ஃபிலிம் நொடிக்கு 24 சட்டங்கள் வீதம் விட்டுவிட்டு நகர்வது. ஓரத் துளைகளில் கொக்கி போன்ற ஓர் உறுப்பு மாட்டி ஒவ்வொரு சட்டத்தையும் கீழே இழுக்கும் கணத்தில், ஒளி படாதபடி ‘ஷட்டர்’ என்னும் சுழல்தகடு மறைத்துக்கொள்ளும். பொறியாளர் எரிக் கேஸ்ட்னர் அந்தத் தகட்டின் முகத்தையே கண்ணாடியாக்கிச் சாய்வாகப் பொருத்தியதால், மறைக்கும் கணத்தில் வீணாகிவந்த ஒளி திரும்பி ஒளிப்பதிவாளரின் கண்ணுக்குச் சென்றது. வீணானதையே பார்வையாக மாற்றிய இந்த எளிமை வியக்கத்தக்கது.

1964இல் வந்த 2சி வகை இந்தியத் திரையுலகில் பரவலாகப் புழங்கியது. முகப்பில் மூன்று லென்ஸ்களைத் தாங்கிய தட்டைக் கையால் திருப்பினால் அண்மைக் காட்சியும் அகலக் காட்சியும் நொடியில் மாறும். 400 அடி ஃபிலிம் ஏறக்குறைய நாலரை நிமிடம் ஓடும். நொடிக்கு 48 சட்டங்களாக எடுத்து 24ஆகத் திரையிட்டால் அசைவின் வேகம் பாதியாகும். அதற்குரிய கேமராவுக்குப் பணம் போதாமல் ‘16 வயதினிலே’ பாடலொன்றில் ஸ்ரீதேவியையே மெதுவாக ஓடவைத்தனர் என்பர். கருவி செய்ய வேண்டியதை நடிகையின் உடல் செய்தது.

எடை குறைந்த ஆரிஃப்ளெக்ஸ் கேமராவுக்கு ஒரு விலையும் இருந்தது. அது எழுப்பிய கடகடவென்ற ஓசையால், வெளியில் பேசிய வசனத்தைப் பயன்படுத்த முடியாமல், டப்பிங் அரங்கில் காட்சித் துண்டுகளைத் திரும்பத் திரும்ப ஓட்டி, உதட்டசைவுக்கு ஏற்ப நடிகர்களோ வேறு குரல் கலைஞர்களோ மறுபடி பேசினர். கிராமத்தின் வெயிலும் மண்ணும் திரைக்கு வந்தன. அங்கே வீசிய காற்றின் ஒலியும், பேச்சில் விழுந்த மூச்சிரைப்பும் வரவில்லை. தென்மாவட்டப் பேச்சின் ஏற்ற இறக்கம் இந்த மறுபேச்சில் எவ்வளவு மழுங்கியது என்பது தமிழ்த் திரை வரலாற்றாளர்கள் கவனிக்க வேண்டிய பெரிய இழப்பு. மதுரை, தேனி வட்டாரப் பேச்சைக் கொண்ட ‘விருமாண்டி’ படம் 2004இல் வசனத்தைப் படப்பிடிப்புத் தளத்திலேயே பதிவுசெய்து, அந்தப் பேச்சு பேசப்பட்ட கணத்திலேயே அதைப் பிடித்தது.