‘பெர்த்’ என்னும் ஒரு சொல்லும் நம் பல சொற்களும்

‘பெர்த்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் யாது என வினவினால், ‘பிறப்பு’ என்று நான்காம் ஆண்டு மாணவனும் தயங்காது விடை கூறுவான். விடை பிழையன்று. ஆயினும் அவ்வொரு விடையை மட்டும் கைக்கொண்டு ஆங்கில நூல்களையும் அரசாங்கப் படிவங்களையும் அணுகுவோமாயின் பலவிடங்களில் இடர்ப்பட நேரும்.

ஒரு சொல் பல பொருள் தருதல் தமிழர்க்குப் புதியதன்று. திவாகர நிகண்டு தன் பதினோராம் தொகுதியை ‘ஒருசொற் பல்பொருட் பெயர்த்தொகுதி’ என்றே வகுத்துள்ளது. ஆங்கிலத்தில் ஒரு சொல்லுள் அடங்கிய பொருள்கள் தமிழிலும் ஒரு சொல்லுள் அடங்கும் என்று நாம் எண்ணிக்கொள்வதே இடர்க்குக் காரணமாகும்.

முதற்கண் அச்சொல்லின் வேரைக் காண்போம். ‘பெர்த்’ என்பது பண்டைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்திற் புகுந்தது. சுமத்தல் எனப் பொருள்படும் ‘பேர்’ என்னும் வினையோடு உறவுடையது. சுமையைக் குறிக்கும் ‘பர்டன்’ என்பதும் அவ்வினத்ததே. நாம் வழங்கும் ‘பாரம்’ என்னும் வடசொல்லும் அதே மூலவேரிற் கிளைத்தது என்பர் மொழிநூலார். ஆகவே ஆங்கிலச் சொல்லின் அடியில் நிற்பவள் சுமந்த தாய். தமிழிற் ‘பிறப்பு’ என்னுமிடத்து நிற்பது குழந்தை. பிறத்தல் குழந்தையின் தொழில். தாயின் தொழிலுக்கு ஈனுதல், பெறுதல் எனத் தனி வினைகள் உள.

இவ்வேறுபாடு இலக்கணத்தில் நன்கு புலனாகும். ஆங்கிலத்திற் குழந்தை ‘வாஸ் பார்ன்’ எனச் செயப்பாட்டு வினையாற் சொல்லப்படும். நாமோ ‘பிறந்தது’ எனச் செய்வினையாற் கூறுகிறோம். மாணவர் சிலர் ‘அவர் 1950இல் பிறக்கப்பட்டார்’ என்று எழுதுவது இதனாலேயே. சிறுவர் பிழை, பொறுத்துக்கொள்ளலாம். வளர்ந்தோர் ‘ஆண் குழந்தைக்குப் பிறப்புக் கொடுத்தார்’ என்று எழுதுவதைத்தான் பொறுக்க இயலவில்லை. ‘ஆண் குழந்தை பெற்றார்’ என்று எழுதினால் நமக்கு வந்த குறை என்ன?

‘பெறு’ என்பது முதனிலை திரிந்து ‘பேறு’ எனத் தொழிற்பெயராகும் என்பதை ஆசிரியர் அறிவர். பிள்ளை பெறுதலும் பேறு; கிடைத்தற்கரிய நலமும் பேறு. திருக்குறளின் ஏழாம் அதிகாரத்துக்கு ‘மக்கட்பேறு’ என்னும் தலைப்பு வழங்குகிறது. இவ்விரு பொருளையும் ஒருங்கே தாங்கும் சொல் ஆங்கிலத்தில் எனக்கு அகப்படவில்லை. ‘ஈன்’ என்பது இன்னும் விரிந்தது: பசு கன்று ஈனும், வாழை குலை ஈனும். தொல்காப்பியர் எழுத்தொலிகள் தோன்றும் முறையைக் கூறும் இயலுக்குப் ‘பிறப்பியல்’ என்றே பெயர். அங்கே ‘பெர்த்’ என்று மொழிபெயர்த்தால் ஆங்கிலேயர்க்கு ஒன்றும் விளங்காது. ‘பிறவி’ என்பதோ, மீண்டும் மீண்டும் வருவது என்னும் கருத்தைத் தன்னுள் உடையது.

இனி, ஆங்கில அகராதிகள் ‘பெர்த்’துக்கு இனமாகத் தரும் சொற்களைக் காண்போம். அவற்றுள் ‘டெலிவரி’ நம் வீட்டுத் தமிழாகவே ஆகிவிட்டது. ‘டெலிவரி ஆயிற்றா?’ எனக் கேளாத பாட்டியர் கிள்ளானில் இல்லை. கடிதமும் சரக்கும் ஒப்படைத்தலைப் போலக் குழந்தையை ஒப்படைத்தல் என்றே பலர் கருதுகின்றனர். அச்சொல்லின் மூலம் விடுவித்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினை. பழைய ஆங்கிலத்தில் விடுவிக்கப்பட்டவள் தாயே. கருவுற்றவளை ‘ஈருயிர்க்காரி’ என்று வழங்கிய நம் முன்னோர்க்கு அவ்விடுதலையின் அருமை தெரிந்திருக்கும். நம் தோட்டங்களில் ‘பிடான்’ என மலாய்ப் பெயரால் அழைக்கப்பட்ட மருத்துவச்சிக்கு ஆங்கிலத்தில் ‘மிட்வைஃப்’ என்று பெயர். ‘மிட்’ என்பது ஈண்டு ‘உடன்’ எனப் பொருள்படும். உடனிருக்கும் பெண் என்பதே கருத்து.

‘நேட்டிவிட்டி’ என்பது பிறத்தலைக் குறிக்கும் இலத்தீன் அடியிலிருந்து வந்தது. ‘நேஷன்’, ‘நேச்சர்’ என்பனவும் அதன் உடன்பிறப்புகள். கிறித்தவர்க்கு அது கிறிஸ்து பிறப்பு. செப்டம்பர் 8இல் மாதாவின் பிறப்பு விழா. தமிழ்நாட்டு அலுவலகங்களில் அதுவே ஒரு சான்றிதழின் பெயராயிற்று. திரைப்படத்துறையினர் வாயில் மண்வாசனை என்னும் பொருளைப் பெற்றது. சொற்கள் செல்லுமிடமெல்லாம் உடை மாற்றிக்கொள்கின்றன.

அவ்வாறு உடை மாற்றியதற்கு மலாய் மொழியிலும் சான்றுண்டு. பிறப்பைக் குறித்த ‘ஜாதி’ என்னும் வடசொல் மலாயில் ‘ஜாடி’ என்றாகி, ‘ஆதல்’ என்னும் பொருள் பெற்றது. பிறந்தநாளை ‘ஹாரி ஜாடி’ என்பர். நம்மிடத்தில் அதே சொல் எதற்குப் பயன்பட்டது என்பதை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. பிறப்புப் பத்திரத்துக்குப் பொதுமக்கள் வழங்கிய ‘சூராட் பெரானாக்’ என்னும் பெயர் ‘அனாக்’, அதாவது பிள்ளை, என்னும் சொல்லடியாகப் பிறந்தது. அரசு வழக்கான ‘கெலாஹிரான்’ என்பதன் அடியோ, வெளிப்படை எனப் பொருள்படும் அரபுச் சொல். நம் ‘தோற்றம்’ அதற்கு எத்துணை நெருங்கியது!

‘பெர்த்’ என்பதற்கு மற்றொரு பொருள் வழிமரபு. ‘உயர்ந்த பெர்த்’ உடையவர் என்றால் நற்குடிப் பிறந்தார் என்பது கருத்து. ‘டிசென்ட்’, ‘ஆரிஜின்’ என்னும் சொற்கள் இப்பொருளுக்கே இனமானவை; மகப்பேற்றுக்கு இனமானவை அல்ல. அகராதியில் ஒரே வரிசையில் நிற்பதால் இவற்றை ஒன்றாக எண்ணி மனப்பாடம் செய்விப்பது தகாது. மலாய்ப் படிவத்தில் ‘தெம்பாட் லாஹிர்’ என்பது பிறந்த இடம். ‘கெதுருனான்’ என்பது மரபு. ‘அசால்’ என்பது பூர்விகம். நம் ‘அசல்’ என்பதும் அதே அரபுச் சொல்லே.

பள்ளியிற் பிள்ளையைச் சேர்க்க வரும் முதியவரிடம் ‘உங்களுக்கு எந்த ஊர்?’ என்று கேட்டால் ‘நாமக்கல் பக்கம்’ என்பார். அவர் பிறந்ததோ பந்திங் அருகே ஒரு தோட்டத்தில். தமிழ் வழக்கில் அவர் கூறியது சரியே. ஊர் என்பது நமக்குக் குலம் கிளைத்த இடம். அதனைப் பிறந்த இடம் என்று ஒருவர் எழுதிவிட்டால் வருவது சொற்பிழை மட்டுமன்று.

நம் கூட்டரசு அமைப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவைப் பாருங்கள். 1957 ஆகஸ்டு 31க்கு முன் இந்நாட்டிற் பிறந்தவர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கையில், முந்தைய ஏழாண்டுகளில் ஐந்தாண்டு வாழ்ந்திருத்தலும் தொடக்க அளவிலான மலாய் அறிவும் நிபந்தனைகளுள் அடங்கும். வெளிநாட்டிற் பிறந்து வந்தவர்க்குரிய 19ஆம் பிரிவோ, பன்னிரண்டு ஆண்டுகளிற் பத்தாண்டும், போதிய மலாய் அறிவும் கேட்கிறது. இவ்விரண்டினுள் எது என்பதை முடிவு செய்வது ‘பார்ன்’ என்னும் ஒரு சொல்.

விடுதலை நாள் முதல் 1962 செப்டம்பர் முடியக் கூட்டரசிற் பிறந்தோர்க்கு, பொதுவிதிப்படி, பிறந்த மண்ணே குடியுரிமை தந்தது. 1962 அக்டோபர் முதல் அது மட்டும் போதாதாயிற்று. பெற்றோரில் ஒருவரேனும் குடிமகனாகவோ நிரந்தர வசிப்புரிமை உடையவராகவோ இருத்தல் வேண்டும் என்பது முதன்மை விதியாயிற்று. அதாவது, ‘பெர்த்’ என்பதன் முதற்பொருளோடு இரண்டாம் பொருளும் சேர்ந்துகொண்டது. 2024 அக்டோபர் 17இல் மக்களவை நிறைவேற்றிய திருத்தம், வெளிநாட்டிற் பிறக்கும் குழந்தைக்குத் தந்தை வழியோடு தாய் வழியாகவும் குடியுரிமை வர இடந்தந்தது. நிரந்தர வசிப்புரிமை பற்றிய சொற்களை நீக்கியது.

ஆதலின் ‘பெர்த்’ கற்பிக்கும் நாளில் பிறப்புப் பத்திரத்தின் படியொன்றை வகுப்பில் வைத்துக் கற்பிக்கலாம். அடையாள அட்டை எண்ணும் உதவும். முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த நாள். அடுத்த இரண்டும் பிறந்த இடம். சிலாங்கூருக்கு 10, கோலாலம்பூருக்கு 14. பெற்றோர் பிரிக்பீல்ட்ஸில் வாழ்ந்தாலும் தாய் கிள்ளான் மருத்துவமனையில் பெற்றிருந்தால் பிள்ளையின் எண்ணில் 10 என்றே இருக்கும். குடியிருக்கும் இடத்துக்கோ பாட்டனார் ஊருக்கோ அவ்விரண்டு இலக்கங்களில் இடமில்லை.