நெட்வொர்க் கார்டுக்குக் கொடுத்த அதிகாரம்

கொடைக்கானல் பஸ்கள் நின்று போகும் வத்தலக்குண்டுக் கடைத்தெருவில், ஜெராக்ஸ் கடையானாலும் விதைக் கடையானாலும், கணினியின் முதுகில் கம்பியொன்று செருகியிருப்பதையும், அதனருகே பச்சை விளக்கொன்று சதா துடிப்பதையும் காணலாம். அவ்விடத்திலுள்ள நெட்வொர்க் கார்டு, பிராஸஸர் செய்யவேண்டிய சில காரியங்களைத் தானே ஏற்றுக்கொள்ளும் ஒரு சிறு யந்திரம்.

ஈதெர்நெட்டில் சாதாரணமாக ஒரு பொட்டலத்துக்கு 1,500 பைட்டுக்கு மேல் இடமில்லை. பிராஸஸரோ ஏறக்குறைய 64,000 பைட்டை ஒரே மூட்டையாகக் கொடுத்துவிட, அதைத் துண்டுபோட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் முகவரித் தலைப்பும், பிழை காட்டும் 16 பிட் கூட்டுத்தொகையான செக்சமும் எழுதி அனுப்புவது கார்டின் பொறுப்பாகிறது. இதற்கு ஆஃப்லோட் என்று பெயர். பெரிய சர்வர்களுக்கு இது மகத்தான உபகாரம்; பில் போடும் கணினிக்கு அவ்வளவு அவசியமில்லை என்பது என் அபிப்பிராயம்.

2000-ஆம் ஆண்டில் ஸ்டோன், பார்ட்ரிட்ஜ் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர், கம்பிவழிச் சோதனையில் தேறிவந்த பொட்டலங்களிலும் 1,100-க்கு ஒன்று முதல் 32,000-க்கு ஒன்று வரை செக்சத்தில் தவறுவதைக் கண்டார்கள். அதாவது, பிழையில் பெரும்பங்கு கம்பியில் அன்று, யந்திரங்களுக்குள்ளேயே விளைகிறது. கொடிக்காலில் எண்ணாமல் சந்தையில் இறக்கிய பின் எண்ணிய வெற்றிலைக் கணக்கில், வழியில் உதிர்ந்தது தெரியவா போகிறது? அவ்வாறே, நினைவகத்திலிருந்து கார்டுக்கு வரும்போதே சிதைந்துவிட்ட தகவலுக்கு, கார்டு போடும் செக்சம் சரியாகவே பொருந்தி, பெறுகிறவனையும் ஏமாற்றிவிடுகிறது.

கார்டு ஸ்தம்பித்துவிடுவதும் உண்டு. மலிவான கணினிகளில் மிகுதியாகக் காணப்படும் ரியல்டெக் கார்டுகளில், துண்டுபோடும் வேலையைக் கொடுத்தால் அனுப்புதல் நின்றுவிடுகிறதென்று பலர் முறையிட்டதனால், அவற்றுக்கான லினக்ஸ் டிரைவரை எழுதியவர்கள் அந்த வசதியைப் பல ஆண்டுகள் அணைத்தே வைத்திருந்து, வேண்டியவர் இயக்கிக்கொள்ளலாமென்று விட்டார்கள். எந்த மாதிரி கார்டு கெடுதல் செய்யுமென்று தெளிவாகாதபோது அதுவே விவேகம்.

லினக்ஸில் எத்டூல் என்ற கட்டளையால் ஆஃப்லோட் ஒவ்வொன்றையும் தனித்தனியே அணைக்கலாம். அந்த வேலையைப் பிராஸஸர் திரும்ப ஏற்றுக்கொள்ளும், கடைக் கணினியின் வேகத்தில் அது உறைக்காது. செக்சத்தை அணைத்தால் துண்டுபோடுதலும் தானே நின்றுவிடும். துண்டுபோடுதலை மட்டும் அணைத்தால் செக்சம் நிற்காது. ஆகையால் முதலில் துண்டுபோடுதலை நிறுத்தி, இரண்டொரு நாள் பார்த்துவிட்டு, பிறகே செக்சத்தில் கைவைக்க வேண்டும். மின்சாரம் போய்க் கணினி மறுபடி கிளம்பும்போது கட்டளை மறந்துபோகுமாதலால், அதைத் துவக்கக் கோப்பில் எழுதிவைத்துவிடுவது நல்லது.