ஸ்டாம்ப்பைக் கிழிக்காதீங்க... போடி மலைக் கடிதங்களில் ஊர் தேடலாம் வாங்க!

போடிநாயக்கனூர் பக்கம் பழைய வீட்டைப் பிரித்துக் கட்டும்போது, பரண்மேலிருந்து ஒரு டிரங்குப் பெட்டி இறங்கும். உள்ளே ஜாதகக் கட்டு, கடன் பத்திரம், கம்பியில் குத்திவைத்த கடிதங்கள். பத்திரத்தை பீரோவுக்கு மாற்றிவிடுவார்கள். கடிதங்களில் இருக்கும் ஸ்டாம்ப்பைப் பிள்ளைகள் கிழித்து எடுத்துக்கொள்ளும். மிச்சம் பழைய பேப்பர்காரருக்குப் போய்விடும்.

அந்த மிச்சத்தில்தான் விஷயமே இருக்கிறது. பாதி ஸ்டாம்ப்பின் மேலும் பாதி கவரின் மேலுமாக விழுந்திருக்கும் வட்ட முத்திரையைச் சொல்கிறேன். ஸ்டாம்ப்பைக் கிழித்தால் முத்திரையில் இருக்கும் ஊரும் இரண்டாகக் கிழிந்துவிடும்.

ஊர் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்கலாம். போடி, தேவாரம், கம்பம் பகுதிகளிலிருந்து ஏலத்தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் மலையேறிய குடும்பங்கள் ஏராளம். அவர்கள் எழுதிய கடிதங்களை எடுத்துப் படித்துப்பாருங்கள். 'இவ்விடம் அனைவரும் நலம்' என்று ஆரம்பிக்கும். அந்த 'இவ்விடம்' எவ்விடம் என்பது பல கடிதங்களில் இருக்காது. எழுதத் தெரியாதவர் இன்னொருவரிடம் சொல்லி எழுதியது. வாங்கியவருக்கும் ஊர் தெரியும், எழுத வேண்டிய அவசியமில்லை. மூன்றாவது தலைமுறையில் வந்து நிற்கும் நமக்குத்தான் தெரியாது. அதைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சி பெரும்பாலும் அந்த முத்திரை மட்டும்தான். இதைக் காட்டி நிலம் கேட்க முடியும் என்று சொல்லவரவில்லை. பாட்டி எந்த மலையில் பிறந்தார் என்று சொல்ல முடிந்தால் அதுவே பெரிய விஷயம்தானே!

முதலில் இதைப் புரிந்துகொள்ளுங்கள்

முத்திரையில் இருப்பது கடிதம் எழுதியவரின் ஊர் அல்ல. கடிதம் சேர்ந்த தபால் நிலையத்தின் ஊர். எஸ்டேட் பெயரை முத்திரையில் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். பக்கத்தில் எது தபால் நிலையமோ அதன் பெயர்தான் விழுந்திருக்கும். ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் 'பி.ஓ.' என்று ஆங்கிலத்தில் இருந்தால் அது கிளைத் தபால் நிலையமாக இருக்கலாம். 'எஸ்.ஓ.' என்றால் துணை நிலையம், 'ஹெச்.ஓ.' என்றால் தலைமை நிலையம். கிளை நிலையத்தின் தபால் ஒரு பெரிய நிலையம் வழியாகத்தான் போகும். அதனால் ஒரே கவரில் இரண்டு, மூன்று முத்திரைகள் இருந்தால் குழம்ப வேண்டாம். தேதிகளை வரிசைப்படுத்துங்கள். முதல் தேதிதான் புறப்பட்ட இடம். கவரின் பின்பக்கம் இருப்பது வழக்கமாக வந்து சேர்ந்த ஊர்.

ஆண்டு அழிந்திருந்தால் ஸ்டாம்ப்பின் விலையைப் பாருங்கள். அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957-க்கு முன். அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல்தான் நயா பைசா வந்தது. காந்தி படம் போட்ட முதல் ஸ்டாம்ப் 1948 ஆகஸ்ட் 15 அன்று வெளியானது.

மாவட்டத்தை நம்பாதீர்கள்

போடி கடிதங்களில் பலரும் தடுக்கி விழும் இடம் இது. விலாசத்தில் 'தேவிகுளம், கோட்டயம் ஜில்லா' என்று இருக்கும். உடனே கோட்டயம் நகரத்தில் போய்த் தேடக் கூடாது. இடுக்கி மாவட்டம் பிறந்ததே 1972 ஜனவரி 26 அன்றுதான். அதற்கு முன் தேவிகுளம், பீர்மேடு எல்லாம் கோட்டயம் மாவட்டத்தில் இருந்தன. இந்தப் பக்கமும் அதே கதைதான். தேனி மாவட்டம் 1996-ல் வந்தது. அதற்கு முந்தைய கடிதங்களில் போடி, மதுரை மாவட்டம். இன்னும் பழைய கடிதமென்றால் பெரியகுளம் தாலுகா.

மாநிலமும் மாறியிருக்கிறது. 1949 வரை திருவிதாங்கூர் சமஸ்தானம், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி, 1956 நவம்பர் 1 முதல் கேரளா. தேவிகுளமும் பீர்மேடும் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று நடந்த போராட்டம் பலருக்குத் தெரிந்திருக்கும். இத்தனைக்கும் நடுவில் தேவிகுளம் தேவிகுளமாகவேதான் இருந்தது. ஊர்ப் பெயரைப் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள்.

ஒரு மலை, இரண்டு தபால்

போடியிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் போடிமெட்டு. அதைத் தாண்டினால் அந்தக் காலத்தில் வேறு ராஜ்ஜியம். தபாலும் வேறு! போடி பக்கம் பிரிட்டிஷ் இந்தியத் தபால். மலைக்கு மேலே திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் சொந்தத் தபால் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பெயர் 'அஞ்சல்'. மணி கட்டிய கோலோடு ஓட்டக்காரர்கள் தபால் சுமந்தார்கள். 1888-ல் சங்கு படம் போட்டு சொந்த ஸ்டாம்ப்பும் வெளியிட்டார்கள். விலை அணாவில் இல்லை, சக்கரத்தில். 28 சக்கரம் ஒரு ரூபாய்.

சங்கு ஸ்டாம்ப் சமஸ்தானத்துக்குள் மட்டுமே செல்லும். மலையிலிருந்து போடிக்கு எழுத வேண்டுமென்றால் பிரிட்டிஷ் இந்திய ஸ்டாம்ப்தான் ஒட்ட வேண்டும். அதற்கென்று சமஸ்தானத்துக்குள்ளேயே பிரிட்டிஷ் இந்தியத் தபால் நிலையங்களும் இருந்தன. ஆக, உங்கள் போடி வீட்டுப் பெட்டியில் சங்கு ஸ்டாம்ப் ஒட்டிய கடிதம் இருந்தால், அது போடிக்கு எழுதப்பட்டதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மலையில் இருந்த யாருக்கோ வந்ததை, இறங்கி வரும்போது கையோடு எடுத்து வந்திருக்கிறார்கள். உங்கள் குடும்பத்தில் ஒருவர் அங்கேயே குடியிருந்திருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல துப்பு கிடைப்பது கஷ்டம். ஸ்டாம்ப்பை மட்டும் கிழித்து ஆல்பத்தில் ஒட்டிவிட்டால் இந்தத் துப்பு போயே போச்சு.

1951 ஏப்ரல் 1 அன்று இந்த 'அஞ்சல்' இந்தியத் தபால் துறையோடு சேர்ந்துவிட்டது. பெயர் மட்டும் வேறு வழியில் தப்பிவிட்டது பாருங்கள்... இன்று நாம் 'அஞ்சல் துறை' என்றுதானே எழுதுகிறோம்!

எழுத்துக்கூட்டிப் படித்தால் வராது

முத்திரையில் ஊர் ஆங்கிலத்தில் இருக்கும், ஆனால் நாம் இன்று எழுதும் ஆங்கிலத்தில் இருக்காது. மதுரை 'மதுரா' என்றும், தூத்துக்குடி 'டூட்டிகோரின்' என்றும் இருக்கும். மலை ஊர்களில் இன்னொரு சிக்கல், கடைசி எழுத்து மலையாள வழக்கில் முடியும். கடிதத்துக்குள் தமிழில் 'பூப்பாறை', 'உடும்பன்சோலை' என்று இருக்கும். முத்திரையில் 'பூப்பாற', 'உடும்பன்சோல' என்று நின்றுவிடும். வேறு ஊரோ என்று சந்தேகப்பட வேண்டாம். போடியிலேயே ரயில்வே எழுதும் பெயரில் 'கே' இரண்டு, தபால் துறை எழுதுவதில் ஒன்று. 2020 ஜூனில் 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துகளை மாற்றித் தமிழக அரசு ஆணை வெளியிட்டு, சில நாள்களில் திரும்பப் பெற்றது நினைவிருக்கும். இந்தத் தலைவலி இன்னும் தீரவில்லை.

எனக்குப் பிடித்த புதிர் கம்பம்தான். ஆங்கிலத்தில் சி-யு-எம்-பி-யு-எம். இதே எழுத்துகளோடு ஆந்திராவிலும் ஒரு ஊர் இருக்கிறது. அந்தக் காலத்தில் இரண்டுமே சென்னை மாகாணம்! அது கர்னூல் ஜில்லாவில், இது மதுரை ஜில்லாவில். முத்திரையில் 'கம்பம்' என்று மட்டும் இருந்தால் கடிதத்தின் மொழியையும், மறுபக்க முத்திரையையும் பார்க்காமல் முடிவுக்கு வராதீர்கள். 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு வந்த கடிதமென்றால் கவலையில்லை. அன்றுதான் பின்கோடு அறிமுகமானது. நம்ம கம்பம் 6-ல் ஆரம்பிக்கும், ஆந்திரக் கம்பம் 5-ல். மலைக்கும் இதே சூத்திரம்: 625 என்றால் மதுரை-தேனி பக்கம், 685 என்றால் இடுக்கி பக்கம். ஊர்ப் பெயர் மங்கி, எண் மட்டும் தெரிந்தாலும் போதும். இந்தியா போஸ்ட் இணையதளத்தில் எண்ணைப் போட்டால் அதற்குரிய தபால் நிலையங்களின் பட்டியல் வந்துவிடும்.

கிரேக்கத்திலும் இதே பாடு

ஸ்டாம்ப் சேகரிப்பவர்களைத் திணறடிக்கும் முத்திரைகளில் கிரேக்க நாட்டு முத்திரைகளும் உண்டு. கே, ஈ, பி, கே, ஒய், பி, ஏ என்று ஒரு முத்திரை. எல்லாம் ஆங்கில எழுத்து மாதிரியே தெரியும், 'கெப்கிபா' என்று படிப்போம். கிரேக்கத்தில் 'பி' போலத் தெரிவது 'ர'. ஊர் 'கெர்கிரா'. அதையும் உலக வரைபடத்தில் தேடினால் கிடைக்காமல் போகலாம், ஆங்கிலத்தில் அந்தத் தீவின் பெயர் கோர்ஃபூ! 'எக்ஸ்' எழுத்தில் ஆரம்பிக்கும் 'க்ஸானியா'வைத் தேடி அலைபவர்களுக்கு, அது கிரீட் தீவின் 'ஹானியா'. போதாததற்கு, 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துருக்கிய, ஸ்லாவிய ஊர்ப் பெயர்களைக் கொத்துக்கொத்தாக மாற்றினார்கள். 'வோதெனா' என்ற ஊர் 'எதெஸ்ஸா' ஆனது. பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டுதான் அங்கேயும் தேடுகிறார்கள்.

அது இருக்கட்டும், நம் ஏலமலையின் ஆங்கிலப் பெயரில் வரும் 'கார்டமம்', லத்தீன் வழியாக கிரேக்கத்திலிருந்து வந்த சொல். மலைக்கும் ஒரு கிரேக்க முத்திரை விழுந்திருக்கிறது.

வீட்டிலேயே செய்து பாருங்கள்

ஜன்னல் ஓரப் பகல் வெளிச்சத்தில் கவரை லேசாகச் சாய்த்துப் பிடியுங்கள். அழுத்திக் குத்திய முத்திரை என்றால் மை போயிருந்தாலும் பள்ளம் தெரியும். செல்போனில் போட்டோ எடுத்து கறுப்பு-வெள்ளையாக்கி, கான்ட்ராஸ்ட்டை ஏற்றுங்கள். சிவப்பு ஸ்டாம்ப் மேல் விழுந்த கறுப்பு மையைப் பிரித்துப் பார்க்க இது நன்றாகவே உதவும். தெரிகிற எழுத்துகளை எழுதிக்கொண்டு, நடுவில் எத்தனை எழுத்துக்கு இடமிருக்கிறது என்று எண்ணுங்கள். விடுதலைக்குப் பிந்தைய முத்திரைகள் பலவற்றில் ஊர் இந்தியிலும் இருக்கும். ஆங்கிலம் அழிந்த இடத்தில் இந்தி தப்பியிருக்கலாம், படிக்கத் தெரிந்த பிள்ளையைக் கூப்பிடுங்கள். ஊர் இன்றைய வரைபடத்தில் இல்லையென்றால் 1906-ல் வந்த இரண்டு பழைய புத்தகங்கள் இருக்கின்றன: இந்தப் பக்கத்துக்கு டபிள்யூ. ஃபிரான்சிஸ் தொகுத்த மதுரை மாவட்ட கெஜட்டியர், அந்தப் பக்கத்துக்கு நாகம் அய்யாவின் திருவிதாங்கூர் ஸ்டேட் மேனுவல்.

தண்ணீரில் ஊறவைக்க வேண்டாம். செல்லோ டேப் வேண்டவே வேண்டாம், சில ஆண்டுகளில் பழுப்பேறி எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். மங்கிய எழுத்தின் மேல் பேனாவால் எழுதித் தெளிவாக்குவதும் கூடாது. கடிதத்தைக் கவரிலிருந்து பிரித்துத் தனித்தனியாக வைத்தால் எது எதற்குரியது என்பது மறந்துபோகும், சேர்த்தே வையுங்கள். கண்டுபிடித்த ஊரையும் தேதியையும், யார் யாருக்கு எழுதியது என்பதையும் ஒரு தனித் துண்டுத்தாளில் பென்சிலால் எழுதி உள்ளே போடுங்கள். கடிதத்தில் இருக்கும் பெயர்களை அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர் வீட்டில் இருந்தால், இந்த வார ஞாயிற்றுக்கிழமையே அவர் பக்கத்தில் பெட்டியோடு உட்கார்ந்துவிடுங்கள்.