இருவாய்ச்சித் திருவிழா

நாகாலாந்து 1963ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளன்று தனி மாநிலமாக மலர்ந்தது. அந்நாளில் தொடங்கி ஆண்டுதோறும் பத்து நாள்கள் அங்கு நடைபெறும் பெருவிழாவே இருவாய்ச்சித் திருவிழா. தலைநகர் கோகிமாவிலிருந்து சுமார் 12 கி.மீ. தொலைவில், மலைச்சரிவில் அமைந்த கிசாமா என்னும் மரபுச் சிற்றூரில் இது நிகழ்கிறது. கிக்வெமா, பெசமா என்னும் அண்டை ஊர்களின் பெயர்களிலிருந்து பிறந்ததே கிசாமா என்னும் பெயர்.

இவ்விழா மிகப் பழைமையானது எனப் பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. மாநில அரசு இதனை 2000ஆம் ஆண்டில்தான் தொடங்கியது. நாகர் என்பது ஒரே இனக்குழுவின் பெயரன்று. அங்காமி, ஆவோ, கொன்யாக், லோத்தா, சூமி எனப் பல குழுக்கள் உள்ளன. ஒரு குழுவின் மொழி மற்றொரு குழுவினருக்கு விளங்காது. ஆதலால் சந்தையில் சந்திக்கும்போது நாகாமிய மொழியில் பேசிக்கொள்வர். விழாக்களும் வெவ்வேறு, அங்காமியரின் செக்ரெனி பிப்ரவரியிலும், ஆவோக்களின் மோஆட்சு மே மாதத்திலும் வரும். இவர்கள் அனைவரையும் ஓரிடத்தில் கூட்டுவதே கிசாமா விழாவின் நோக்கம்.

அங்கு ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மொருங் கட்டப்பட்டுள்ளது. மொருங் என்பது முற்காலத்தில் இளைஞர்கள் இரவில் தங்கிய பொது இல்லம். பாட்டு, கதை, மூங்கில் வேலை, ஊர்க்காவல் ஆகிய அனைத்தையும் மூத்தோரிடம் அவர்கள் அங்கேயே கற்றனர். எழுத்து வழக்கில் இல்லாத காலத்தில் அதுவே அவர்களுடைய பள்ளியும் நூலகமும் ஆகும். பெருமரம் ஒன்றைக் குடைந்து செய்த மரமுரசு அங்கு இருக்கும். தீ, பகை, இறப்பு, விழா ஆகியவற்றை அதன் ஒலியே ஊருக்கு உணர்த்தியது.

விழாவுக்குப் பெயர் தந்த இருவாய்ச்சி நம் ஆனைமலைக் காடுகளிலும் வாழும் பறவையே. பெண்பறவை மரப்பொந்தினுள் தன்னை அடைத்துக்கொண்டு அடைகாக்கும். ஆண்பறவை சிறு துளை வழியே கனிகளை ஊட்டும். ஆணை ஒருவர் வேட்டையாடினால் பொந்தினுள் இருக்கும் குடும்பமே பட்டினியால் அழியக்கூடும். கறுப்புப் பட்டையுடைய அதன் வெண்ணிற வாலிறகு, நாகர் குழுக்கள் பலவற்றில் வீரருக்குரிய அணியாக விளங்கியது. இன்று பலர் செயற்கை இறகுகளையே சூடுகின்றனர். மரபு குறைந்துவிட்டதே எனச் சிலர் வருந்தலாம். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை.

செல்ல விரும்புவோர் திமாப்பூர் வரை தொடர்வண்டியிலும், பின்னர் மலைப்பாதையிலும் செல்லலாம். அதற்கு முன்பே உள்நுழைவு அனுமதிச் சீட்டுப் பெறுதல் வேண்டும். மாலை நான்கரை மணிக்கெல்லாம் கதிரவன் மறைந்துவிடும். கம்பளி ஆடை இன்றியமையாதது. ராஜா மிளகாய் தின்னும் போட்டியை வேடிக்கை பார்க்கலாம்; கலந்துகொள்ள நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒன்றை மறவாதீர், மாணவர்களே. அரங்கில் ஈட்டியேந்தி ஆடுபவர் மறுநாள் உங்களைப் போலக் கல்லூரிக்கோ அலுவலகத்துக்கோ செல்பவராக இருக்கலாம். அவரைப் படமெடுக்க விரும்பினால் முதலில் அவரிடம் கேளுங்கள். அவர் அணிந்துள்ள சால்வையின் கோலத்துக்குப் பொருள் என்னவென்றும் கேளுங்கள்; அதனை இடுப்புத் தறியில் நெய்தவர் அவருடைய தாயாகவே இருக்கலாம்.