உருமாற்றும் வினைகள்: மரம், உலோகம் பற்றிய காப்புரிமை ஆவணங்களும் தமிழாக்கமும்

மரத்துக்கும் உலோகத்துக்கும் வடிவம் தரும் புத்தாக்கங்களைப் பற்றிய ஆவணங்கள் கருவிகளின் பெயர்களைவிட வினைச்சொற்களையே பெரிதும் சார்ந்து நிற்கின்றன. கருவியின் பெயரை ஒலிபெயர்த்தோ புதிதாகப் படைத்தோ கொள்ளலாம். அக்கருவி பொருளை என்ன செய்கிறது என்று கூறும் வினை பிழைபட்டாலோ ஆவணமே பிழைபடும். காப்புரிமை விவரணத்தின் உரிமைக்கோரிக்கைப் பகுதியில் இது சட்டச் சிக்கலாகவும் மாறும். ஒரு பட்டறையில் நடைபெறும் வேலை பிறருடைய உரிமையில் தலையிடுகிறதா என்பது சில வேளைகளில் ஒரே வினையின் பொருளெல்லையைப் பொறுத்தது. இந்தியாவில் இவ்விவரணங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் அளிக்கப்பட வேண்டும். ஆதலின் தமிழ் மட்டும் அறிந்த கொல்லரும் தச்சரும் தம் தொழிலைத் தொடும் ஆவணங்களை மொழிபெயர்ப்பின் வழியாகவே அறிய இயலும்.

1971ஆம் ஆண்டின் ஸ்ட்ராஸ்பர்க் ஒப்பந்தத்தின்படி அமைந்த பன்னாட்டுக் காப்புரிமைப் பகுப்பில், 'பி' பிரிவின் 21ஆம் வகுப்பு பொருள் நீக்கமின்றி உலோகத்துக்கு வடிவம் தருவதைக் குறிக்கிறது. 22ஆம் வகுப்பு வார்ப்பு. 23ஆம் வகுப்பு கடைசல் முதலிய பொறிக்கருவிகள். 27ஆம் வகுப்பு மரவேலை. இடம்பெயர்த்தல், உருக்கி ஊற்றுதல், நீக்குதல் என்னும் வினைவேறுபாடே முதல் மூன்று வகுப்புகளையும் பிரிக்கிறது.

21ஆம் வகுப்பின் ஆங்கிலத் தலைப்பில் 'எசென்ஷியலி' என்றொரு வினையடை உள்ளது. அதனைப் 'பொருளை அடிப்படையில் நீக்காமல்' என்று பெயர்த்தால் மயக்கம் உண்டாகும். எதிர்மறை வினையெச்சத்தின் முன் நிற்கும் அடை எதிர்மறையைத் தழுவுகிறதா, நீக்கத்தைத் தழுவுகிறதா என்பது இத்தொடரில் புலப்படவில்லை. செய்முறையை நோக்கினால் ஐயம் நீங்கும். இரும்பைக் காய்ச்சி அடிக்கும்போது மேற்புறத்தில் செதில் உதிர்கிறது. அச்சுக்குள் வைத்து அடிக்கும்போது விளிம்பில் பிதுங்கும் மிகுதி பின்னர் வெட்டப்படுகிறது. எனவே நீக்கம் அறவே இல்லை என்பது கருத்தன்று. வடிவம் நீக்கத்தால் வருவதன்று என்பதே கருத்து. 'பொருள் நீக்கத்தைச் சாரமாகக் கொள்ளாத உலோக வேலை' என நீட்டி எழுதுவதே தக்கது. கலைச்சொல் சுருக்கமாக இருத்தல் வேண்டும் என்னும் விதி நல்லதே. ஆயினும் தெளிவை விலையாகக் கொடுத்து அதனைக் காக்க வேண்டியதில்லை.

அதே தலைப்பு அரைப்புள்ளிக்குப் பின் 'பஞ்சிங்' என்பதையும் சேர்த்துக்கொள்கிறது. தகட்டின்மேல் உளியை அழுத்தி ஒரு வில்லையைப் பிரித்தெடுக்கும் வேலை அது. 'டிரில்லிங்' எனப்படும் வேலையோ துருவலாகப் பொருளை வெளியேற்றுவது. 23ஆம் வகுப்பைச் சேர்ந்தது. இரண்டையும் 'துளையிடுதல்' என்றே எழுதினால் வகுப்புகள் கலந்துவிடும். துளை என்பது விளைவு. காப்புரிமை கேட்பதோ வினையின் முறை. தமிழில் இதற்குப் பஞ்சமில்லை. முன்னதைக் 'குத்தித் துளைத்தல்' எனலாம். பின்னதற்குத் தச்சரின் துறப்பணம் வழிகாட்டும். முன்பே உள்ள துளையை உள்ளிருந்து அகலமாக்கும் 'போரிங்' வேலைக்குக் 'குடைதல்' என்னும் வினை மிகப் பொருந்தும்.

கடைதல் என்னும் சொல்லும் நோக்கத்தக்கது. தயிரைக் கடைவதும் மரத்தைக் கடைவதும் தமிழில் ஒரே வினை. மத்தில் கயிற்றைச் சுற்றி முன்னும் பின்னும் இழுப்பது போலவே பழைய கடைசல் பொறியிலும் கயிறு இழுத்தே மரம் சுழற்றப்பட்டது. பெயரிடல் செயல்முறையைப் பற்றிக்கொண்டிருப்பதால், மின்விசையால் ஓடும் பொறிக்கும் அச்சொல் தடையின்றிச் சென்றது. 'டர்னிங்' என்பதற்குத் 'திருப்புதல்' என அகராதி நோக்கி எழுதுவோர் பட்டறைக்குள் ஒருமுறை செல்வது நலம்.

எல்லா வினைக்கும் இத்தகைய நற்பேறு வாய்க்கவில்லை. ஹென்றி கார்ட் 1783இல் காப்புரிமை பெற்ற பள்ளமிட்ட உருளைகள், சம்மட்டி கொண்டு நீட்டப்பட்ட இரும்பை விரைவில் கம்பங்களாக்கின. 'ரோலிங்' எனப்படும் இவ்வேலைக்கு 'உருட்டல்' என்பது நேர்ச்சொல். ஆனால் உருள்பவை உருளைகளே. இரும்பு அவற்றின் இடையே நசுங்கி நீள்கிறது; பந்தைப் போல் உருட்டப்படுவதில்லை. 'உருட்டாலை' என்ற தொடரில் 'ஆலை' என்னும் பகுதி இக்குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. கரும்பை உருளைகளிடையே செலுத்திப் பிழியும் பொறிக்கு வழங்கிய பெயர் அது. 'டிராயிங்' என்பதில் இடர் இன்னும் மிகுதி. வரைதல் என்று கொள்வது வெளிப்படையான பிழை. கம்பியை அச்சுத்துளை வழியே இழுப்பது இழுத்தலே. தகட்டைக் குழிந்த அச்சுக்குள் அழுத்திப் பாத்திரமாக்கும் வேலைக்கும் ஆங்கிலம் அச்சொல்லையே ஆள்கிறது. அங்கே கருவி தகட்டை இழுக்காமல் உள்ளே தள்ளுகிறது. 'குழித்தல்' என்பதே அதற்கு ஏற்றது.

மரத்தை வளைத்தல் பற்றிய ஆவணங்களில் தன்வினை, பிறவினை வேறுபாடு முன்னிற்கிறது. ஆங்கில 'பெண்ட்' இரண்டுக்கும் பொது. தமிழோ வளைதல், வளைத்தல் எனப் பிரித்தாக வேண்டும். ரைன் ஆற்றங்கரையிலுள்ள போப்பார்டு நகரில் தொழில் தொடங்கிய மைக்கேல் தோனெட், பின்னர் வியன்னாவில் குடியேறி, திண்மரத்தை வளைப்பதற்கு 1856இல் தனியுரிமை பெற்றார். நீராவியில் இளகிய மரம் இழைநெடுகில் 25 முதல் 30 விழுக்காடு வரை அமுங்கக்கூடும். நீள்வதோ ஒன்று அல்லது இரண்டு விழுக்காடே. ஆகவே வெறுமனே வளைத்தால் வெளிப்புறம் கிழிகிறது. தோனெட்டின் முறையில் வெளிப்புறத்தை ஒட்டி ஓர் உலோகப் பட்டை இருமுனையிலும் இறுக்கப்பட்டது. பட்டை நீளாததால் மரமும் நீள இயலாது. உட்புறம் முழுவதும் அமுங்கி இடங்கொடுக்கும். 1859இல் வெளிவந்த 14ஆம் எண் நாற்காலி இம்முறையால் ஆனது. இப்புத்தாக்கத்தின் உயிர் மரத்தை வளைப்பதில் இல்லை. வளைக்கும்போது நீளவிடாமல் தடுப்பதில் உள்ளது. 'மரத்தை நீராவியில் வளைக்கும் முறை' எனத் தலைப்பிட்டு அமைந்துவிடும் மொழிபெயர்ப்பு, அதற்கு முன்பே படகு கட்டுவோர் அறிந்திருந்ததைத்தான் கூறுகிறது.

27ஆம் வகுப்பில் மரம் வளைத்தலோடு மரப்பீப்பாய் செய்தலும் மரச்சக்கரம் செய்தலும் ஒரே உட்பிரிவாக இணைக்கப்பட்டுள்ளன. மூன்றிலும் வளைந்த மரம் பயன்படுவதே இவ்விணைப்பின் காரணம் எனலாம். இங்கு மொழிபெயர்ப்பாளர் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். நம் நாட்டு மாட்டுவண்டிச் சக்கரத்தின் விளிம்பாகிய வட்டை பொதுவாக வளைக்கப்படுவதன்று. துண்டு துண்டாக அறுத்துச் செதுக்கிப் பொருத்தப்படுவது. 'வட்டை' என்றதும் தச்சர் மனத்தில் எழுவது வாய்ச்சியும் உளியுமே. அவ்வுட்பிரிவில் வரும் வளைவுப் பொறியின் விவரணத்தைப் பெயர்க்குமிடத்து 'வளைத்த வட்டை' என அடைகொடுத்து எழுதினாலன்றி, நீக்கத்தால் வந்த வடிவம் என்றே அவர் அதனைப் படிப்பார்.