சிறிய பெட்டியில் பெரிய நாதம்

சென்ற மார்கழியில் நண்பர் ஒருவர் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். கூடத்து அலமாரியின் மேல், காப்பிப்பொடி டப்பா அளவேயுள்ள ஒரு பெட்டியிலிருந்து கச்சேரி ஒலித்துக் கொண்டிருந்தது. வாய்ப்பாட்டு கணீரென்று கேட்டது; பிடிலும் குறைவின்றிக் கேட்டது. மிருதங்கத்தின் வலந்தலை மட்டும் பேசிற்றே தவிர, தொப்பியின் கும்காரம் வந்தபாடில்லை. ஊஞ்சலில் அமர்ந்திருந்த நண்பரின் தகப்பனார், "மிருதங்கக்காரருக்கு இடது கையில் சுளுக்கோ?" என்று கேட்டார். எல்லோரும் நகைத்தோம். ஆயினும் அந்தக் கேள்விக்குள் ஒரு நூற்றாண்டு விஞ்ஞானம் அடங்கியிருக்கிறது. சிறிய பெட்டி ஏன் தொப்பியை விழுங்கி விடுகிறது? விழுங்காதபடி செய்ய இயலுமா?

ஒலிபெருக்கியின் உள்ளே இருப்பவை சொற்பமே: ஒரு காந்தம், அதன் இடுக்கில் ஒரு கம்பிச் சுருள், சுருளோடு ஒட்டிய ஒரு காகிதக் கூம்பு. மின்சாரம் சுருளில் பாய்ந்ததும் கூம்பு முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. இந்த அமைப்பை அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்ற இருவர் 1925-ல் விளக்கி வெளியிட்டனர். இன்றும் அடிப்படை அதுவே.

தொல்லை எங்கே தொடங்குகிறது என்றால், தாழ்ந்த சுருதியில். சுருதி ஒரு ஸ்தாயி இறங்கும்போது, அதே அளவு ஓசை கேட்க வேண்டுமானால் நான்கு மடங்கு காற்றை நகர்த்தியாக வேண்டும். இரண்டு ஸ்தாயி இறங்கினால் பதினாறு மடங்கு! மேலும், கூம்பு முன்புறம் காற்றை அழுத்தும் அதே கணத்தில் பின்புறம் காற்று தளர்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று கலந்தால் கழித்தல் கணக்குப்போல் ஒலி மறைந்து விடும். ஆகையால் பின்புறத்து ஒலியைப் பெட்டியில் அடைக்கிறோம். அடைத்ததும் வேறொரு சங்கடம் முளைக்கிறது. பெட்டிக்குள் சிறைப்பட்ட காற்று ஸ்பிரிங்கைப் போல் கூம்பை எதிர்க்கிறது. பெட்டி எவ்வளவு சிறியதோ, ஸ்பிரிங் அவ்வளவு கடினம். கடினமான ஸ்பிரிங்கில் கட்டிய கூம்பு தாழ்ந்த ஒலிக்கு அசைய மறுக்கிறது.

இதனால்தான் முற்காலத்து நல்ல ஒலிபெருக்கிகள் பீரோக்களாக இருந்தன. அமெரிக்காவில் 1946-ல் வெளிவந்த கிளிப்ஷ்ஹார்ன் நான்கு அடிக்கு மேல் உயரம். அறையின் மூலையையே தனக்கு ஆசனமாகக் கேட்டது. நல்ல சங்கீதம் வேண்டுமானால் விசாலமான வீடும் வேண்டும் என்பதே அன்றைய நிலை.

இந்த நிலையை மாற்றியவர் எட்கார் வில்ச்சர். அவர் கல்லூரியில் பயின்றது கலை வரலாறு. யுத்த காலத்தில் ராணுவத்தில் மின்னணு வேலை கற்றவர். பின்பு நியூயார்க் சர்வகலாசாலையில் ஒலிப்பதிவு பற்றி மாலை வகுப்பு நடத்தியவர். அவர் சிந்தனை எளியது. கூம்பை விளிம்பில் பிடித்துக் கொண்டிருக்கும் விறைப்பான வளையமும் ஒரு ஸ்பிரிங். பெட்டிக் காற்றும் ஒரு ஸ்பிரிங். இரண்டு ஸ்பிரிங் எதற்கு? வளையத்தைத் தளர்த்தி விட்டால், காற்று ஒன்றே ஸ்பிரிங் வேலையைச் செய்யாதோ? அதிலும், வளையம் அதிகம் இழுபடும்போது ஒழுங்கு தவறி ஒலியைக் கெடுக்கிறது. காற்றோ சீராக வளைந்து கொடுக்கிறது. எதிரி என்று கருதப்பட்ட காற்றையே ஊழியனாக்கிக் கொண்டார் அவர்!

உட்ஸ்டாக் என்ற ஊரில் தம் வீட்டிலேயே முதல் மாதிரியைச் செய்தார். தளர்ந்த வளையத்துக்கு வடிவம் வரைந்து கொடுத்தவர் அவருடைய மனைவி ரோஸ்மேரி. துணியோ பழைய மெத்தை உறை. பெரிய கம்பெனிகள் இந்தக் கருத்தை ஏற்காமற் போகவே, ஹென்றி கிளாஸ் என்ற தம் மாணவரோடு சேர்ந்து மாஸசூஸெட்ஸ் மாகாணத்துக் கேம்பிரிட்ஜில் 1954-ல் தாமே கம்பெனி தொடங்கினார். ஏ.ஆர்.-1 என்று பெயர் பெற்ற பெட்டி சுமார் 25 அங்குல நீளமும் 14 அங்குல அகலமும் உடையது. புத்தக அலமாரியில் அடங்கியது. 1958-ல் ஏ.ஆர்.-3 வந்தது. பின்னர் மேடையில் ஒரு நால்வர் குழு வாசித்துக் கொண்டே இடையில் நிறுத்தி, வாசிப்பதுபோல் பாவனை செய்ய, பெட்டிகள் தொடர்ந்து ஒலிக்கும் பரீட்சைகள் நடந்தன. எங்கே மாறிற்று என்று கண்டுகொள்வது சபையோருக்கு எளிதாக இல்லை.

ஆனால் இயற்கை கடன் கொடுத்தால் வட்டி வாங்காமல் விடாது. வில்ச்சரின் பெட்டி மின்சாரத்தை மிகுதியாகக் குடித்தது. இந்த வட்டிக் கணக்கை ஹாப்மன் என்ற பொறியாளரின் பெயரால் 'இரும்பு விதி' என்று அழைக்கின்றனர். ஆழ்ந்த ஒலி, சிறிய பெட்டி, குறைந்த மின்சாரத்தில் உரத்த ஓசை—இம்மூன்றில் இரண்டைத்தான் அடையலாம். மூன்றாவதைத் துறக்க வேண்டும். ஓசைத் திறன் குறையாமல் ஒரு ஸ்தாயி தாழ இறங்க விரும்பினால் எட்டு மடங்கு பெரிய பெட்டி தேவை. பெட்டியைப் பாதியாக்கினால் திறனும் பாதியாகும். இன்றைய சிறு பெட்டிகள் பலவற்றில், செலுத்தும் மின்சாரத்தில் நூற்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் ஒலியாகிறது; எஞ்சியது வெப்பம். டிரான்ஸிஸ்டர் ஆம்ப்ளிபயர்கள் மலிந்த பின் இந்த நஷ்டத்தைத் தாங்குவது எளிதாயிற்று.

மற்றொரு வழியும் உண்டு. கடம் வாசிப்பவர் அதன் வாயை வயிற்றோடு அணைத்தும் விலக்கியும் ஆழ்ந்த நாதம் எழுப்புவதை வாசகர்கள் கண்டிருக்கலாம். குடத்துக் காற்றுக்கென்று ஒரு சுருதி உண்டு. அதுபோலவே பெட்டியில் ஒரு குழாய் வைத்தால், வீணாகும் பின்புறத்து ஒலி தாழ்ந்த சுருதிக்குத் துணை நிற்கும். குழாயின் நீளமும் பெட்டியின் கொள்ளளவும் கூம்பின் குணமும் பொருந்த வேண்டும். அக்கணக்கை ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-லும், ரிச்சர்ட் ஸ்மால் 1972 முதலும் ஒழுங்குபட வகுத்தளித்தனர். அதுவரை அனுமானத்தால் செய்த வேலை அதன்பின் கணிதமாயிற்று.

எல்லாவற்றையும் அடைய ஆசைப்படாமல் ஒன்றைச் செவ்வையாகச் செய்த உதாரணம் பி.பி.சி. பொறியாளர்களின் எல்.எஸ். 3/5ஏ. 1970-களில், ஒலிபரப்பு வண்டிகளின் குறுகிய இடத்துக்காகச் செய்யப்பட்டது. உயரம் ஒரே அடி. மெல்லிய பலகை தானாக அதிர்ந்து குரலைக் கெடுக்காதபடி உட்புறம் தார் கலந்த தகடுகளை ஒட்டினர். மிக ஆழ்ந்த ஒலியை அது துறந்தது. மனிதக் குரலை மட்டும் உண்மையாகப் பேசிற்று. அதனாலேயே இன்றும் போற்றப்படுகிறது.

இக்காலத்துச் சிறு பெட்டிகளில் கணிக்கும் சில்லு ஒன்று அமர்ந்திருக்கிறது. அது தாழ்ந்த ஒலியை மிகுத்துக் கொடுத்து, கூம்பு எல்லை மீறும் தருணத்தில் கடிவாளம் பிடிக்கிறது. சில பெட்டிகள் நம் செவியின் இயல்பையே பயன்படுத்திக் கொள்கின்றன: மேல் ஒலிகள் மட்டும் கேட்டால், அவற்றின் அடிநாதத்தை மனம் தானே ஊகித்து நிரப்பிக்கொள்ளும். சாமர்த்தியந்தான், ஆனாலும் உரக்க வைத்ததும் சாயம் வெளுத்து விடும்.

வில்ச்சர் பெற்ற பேடன்ட் என்ன ஆயிற்று? ஹாரி ஆல்ஸன் முன்னரே ஒத்த கருத்தைப் பதிவு செய்திருந்தார் என்று நியாயஸ்தலம் அதை ரத்து செய்தது. வில்ச்சர் மேல்முறையீடு செய்யவில்லை. பிற்காலத்தில் காது மந்தமானவர்களுக்குரிய கருவியை ஆராய்ந்து, பல சுருதிப் பகுதிகளைத் தனித்தனியே சீர்செய்யும் முறையைக் கண்டபோது, அதைப் பதிவு செய்யாமலே உலகுக்கு விட்டுவிட்டார். அலமாரியில் அடங்கும் பெட்டி ஏழை எளிய இல்லங்களுக்கும் வந்தது இத்தகைய கைகளின் வழியாகத்தான்.

பெட்டி வாங்கச் செல்லும் நேயர்களுக்கு நாம் சொல்லக்கூடியது ஒன்றே. கடைக்காரர் வைக்கும் படாடோபமான பாட்டை நம்ப வேண்டாம். நன்கு பழகிய ஒரு தனி ஆவர்த்தனத்தை வைக்கச் சொல்லுங்கள். முதலில் மெதுவாக, பிறகு உரக்க. இரண்டிலும் தொப்பி தொப்பியாகவே பேசினால் துணிந்து வாங்கலாம். நண்பரின் தகப்பனார் இப்பொழுது அப்படியொரு பெட்டியின் எதிரேதான் ஊஞ்சலாடுகிறார். மிருதங்கக்காரரின் சுளுக்கு குணமாகி விட்டதாம்!