ஒற்றைக்கால் தவசிகள்

சென்னை மயிலாப்பூரில் திருவள்ளுவருக்கு ஒரு கோயில் உண்டு. அவ்வூரிலேதான் அவர் தம் மனைவி வாசுகியோடு இல்லறம் நடத்தினார் என்பது கர்ணபரம்பரை. தன்மேல் எச்சமிட்ட பறவையைப் பார்வையாலேயே எரித்துவிட்டு, அந்தப் பெருமிதத்தோடு வள்ளுவர் இல்லத்தில் பிச்சைக்கு வந்து நின்ற கொங்கணர் என்னும் தவசி, சோறு வரச் சற்றுத் தாமதமானதும் வாசுகியையும் அதே கண்ணால் விழித்துப் பார்க்க, "கொக்கென்று நினைத்தாயோ கொங்கணவா?" என்று அம்மையார் கேட்டதாகச் சொல்லும் கேள்வி இன்றளவும் நம் வீடுகளில் பழமொழியாக வழங்குகிறது. மகாபாரதத்து வனபர்வத்திலும் கௌசிகன் என்னும் அந்தணனைப் பற்றி இத்தகைய கதையே வருகிறது.

தவசியின் கோபத்துக்கு இரையான இப்பறவைக்கே வேறு கதைகள் தவக்கோலம் பூட்டியிருப்பது விநோதந்தான். பஞ்சதந்திரத்துக் கொக்கு, குளம் வற்றப்போகிறதென்று மீன்களிடம் பரிவு காட்டி, ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்த் தின்று, கடைசியில் நண்டின் கொடுக்குக்குக் கழுத்தைக் கொடுக்கிறது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்து நாரையோ, மதுரைப் பொற்றாமரைக் குளத்து மீன்களைத் தின்ன மனமொவ்வாமல் பசித்திருந்து முத்தி அடைகிறது. திருக்குறளில் காலமறிதல் அதிகாரம், காரியம் சாதிக்கக் காத்திருப்பவனுக்குக் கொக்கையே உதாரணமாகக் காட்டுகிறது. வஞ்சகன், பக்தன், ராஜதந்திரி ஆகிய மூவருக்கும் ஆதாரம், நீரோரத்தில் அசையாமல் நிற்கும் அந்த ஒரே நிலைதான்.

அந்நிலைக்குக் காரணம் உடலமைப்பில் இருக்கிறது. கொக்கின் கழுத்தெலும்புகளில் ஆறாவது மற்றவற்றைவிட நீண்டிருப்பதால், கழுத்து நாணேற்றிய வில்லைப்போல் வளைந்திருந்து, இரை எட்டும் தூரத்துக்கு வந்ததும் கண்ணிமைப்பதற்குள் நீண்டு பாய்கிறது. நீருக்குள் இருக்கும் மீன், ஒளிக்கதிரின் விலகலால், இருக்குமிடம் விட்டு வேறிடத்தில் தோன்றுமாதலின், அந்த வித்தியாசத்தையும் கணித்தே அலகு இறங்கவேண்டும். அடையாற்று முகத்துவாரத்தில் நிற்கும் சின்ன வெள்ளைக் கொக்கை உற்றுக் கவனித்தால், கருங்காலின் நுனியிலுள்ள மஞ்சள் பாதத்தைச் சேற்றில் மெல்ல நடுக்கி, ஒளிந்திருக்கும் சிற்றுயிர்களை அது கலைத்து வெளியேற்றும் உபாயத்தையும் காணலாம். அருகிலேயே மண்ணோடு மண்ணாகப் பதுங்கியிருக்கும் மடையான், எழுந்து பறக்கும் கணத்தில் சிறகுகளின் வெண்மையைக் காட்டி நம்மைத் திடுக்கிடச் செய்யும்.

நாரையின் வித்தை வேறு. மஞ்சள் அலகும் இளஞ்சிவப்பு வால்புறச் சிறகுகளும் கொண்ட வர்ண நாரை, கண்ணை நம்பாமல், பாதி திறந்த அலகைக் கலங்கல் நீரில் ஆழ்த்தி, இருபுறமும் வீசிக்கொண்டே நடக்கிறது. ஏதேனும் உயிர் அலகின் உட்புறத்தில் பட்ட மாத்திரத்தில் அது மூடிக்கொள்கிறது. பறக்கும்போது கொக்கு கழுத்தை மடக்கிக்கொள்ளும்; நாரை நீட்டிக்கொள்ளும். மாலை வானத்தில் போகும் கூட்டத்தை மாடியிலிருந்தே இனம் பிரிக்க இந்த ஓர் அடையாளம் போதும்.

இவ்விரண்டினின்றும் வேறான மூன்றாவது குலம் வடநாட்டுச் சாரசம். ஏறத்தாழ 6 அடி உயரம் வளரும் இதுவே பறக்கும் பறவைகளில் மிக உயரமானது. ஆதிகாவியத்துக்கு வித்தாகிய, வேடன் அம்பால் துணையை இழந்த கிரௌஞ்சம் இதுவே என்பது அறிஞர் பலரின் கருத்து. சாரச இனத்தின் மூச்சுக்குழல் மார்பெலும்புக்குள் சுருண்டு கிடப்பதால் அதன் குரல் எக்காளம்போல் நெடுந்தொலைவு கேட்கும். நாரையோ பெரும்பாலும் ஊமை, அலகைத் தட்டியே பேசும். சாரசத்தின் பின்விரல் சிறுத்து மேலேறியிருப்பதால் அதனால் கிளையைப் பற்ற முடியாது. சதுப்பு நிலத்தில்தான் கூடு கட்டும். சீன, ஜப்பானிய ஓவியர்கள் தீர்க்காயுசின் சின்னமாக அவ்வினத்துப் பறவையைப் பைன் மரக்கிளையில் நிறுத்தி எழுதியது அழகுக்காகச் செய்த கற்பனையே.

மரத்தில் கூடு கட்டும் நம் நாரைகளையும் கொக்குகளையும் காண, சென்னைக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தூரத்திலுள்ள வேடந்தாங்கலுக்கு, நவம்பர் முதல் மார்ச் வரையிலான மாதங்களில் போகவேண்டும். ஏரி நீரில் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில், கிளைக்குக் கிளை வெவ்வேறு இனங்கள் குடித்தனம் நடத்தும். இப்பறவைகளைச் சுடுவதைத் தடுக்கவேண்டுமென்று அவ்வூரார் முறையிட்டு, 1798ஆம் ஆண்டிலேயே கலெக்டர் லயோனல் பிளேஸிடம் உரிமைப் பத்திரம் பெற்றனர். பறவைகளின் எச்சம் கரைந்த ஏரி நீர் வயலுக்கு உரமாகப் பாய்வதை அவர்கள் கண்டறிந்திருந்தார்கள். கொங்கணர் எதற்காகக் கொக்கை எரித்தாரோ, அதற்காகவே வேடந்தாங்கல் குடியானவர் அதைக் காப்பாற்றினார்.